சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகள், அங்கே லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள தேக்காவில் நகை வாங்கப் போகிறவர்கள் என்று சென்னையில் இருந்து தினமும் விமானம் ஏறுகிறார்கள். அவர்களில் பலரும் முதலில் கேட்பது தூரத்தையும் நேரத்தையும்தான். தூரத்துக்கு ஒரே பதில் போதும். நேரத்துக்குப் போதாது. வானில் இருக்கும் நேரம், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம், வீட்டில் இருந்து வீடு போய்ச் சேரும் நேரம் என்று நான்கு கணக்குகள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் விமானத்தைத் தவறவிடுவதும், அழைக்க வந்தவர் வாசலில் காத்துக் கிடப்பதும் நடக்கின்றன. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

சென்னை விமான நிலையத்துக்கும் சிங்கப்பூர் விமான நிலையத்துக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர்?

மீனம்பாக்கத்தில் இருந்து சாங்கி வரை நேர்வான் தூரம் சுமார் 2,920 கிலோமீட்டர். மைலில் சொன்னால் 1,815, விமானிகள் பயன்படுத்தும் கடல்மைலில் சுமார் 1,580.

அந்த எண்ணை நாமே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 டிகிரி, கிழக்கு 80.17 டிகிரியில் இருக்கிறது. சாங்கி வடக்கு 1.36, கிழக்கு 103.99. வடக்கு தெற்காக வித்தியாசம் 11.63 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று வைத்தால் 1,290 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 23.82 டிகிரி. நிலநடுக்கோட்டில் இருந்து விலக விலகத் தீர்க்கக்கோடுகள் நெருங்கி வருவதால் இதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். வழியின் நடு அட்சரேகை சுமார் 7 டிகிரி. அதன் கொசைன் 0.99. பெருக்கினால் ஏறத்தாழ 2,620 கிலோமீட்டர் வரும். இனி பிதாகரஸ் தேற்றம்: 1,290-ன் வர்க்கத்தையும் 2,620-ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 2,920 வந்து நிற்கும்.

பூமி உருண்டை என்பதால் எல்லா ஊருக்கும் இந்தச் சுருக்குவழி பொருந்தாது. டெல்லி – டோக்கியோவுக்கு இப்படிப் போட்டால் நன்றாகவே பிசகும். நம் இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவு துல்லியமாக அமைகிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையே போடச் சொல்லுங்கள். தாத்தா போகிற ஊர் என்றால் ஆர்வமாகப் போடுவார்கள்.

ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் எண் இருக்கிறதே?

சிலர் விமான நிலையங்களை விட்டுவிட்டு நகர மையத்தில் இருந்து நகர மையம் வரை அளக்கிறார்கள். சிலர் விமானம் உண்மையில் பறந்த பாதையைச் சொல்கிறார்கள். பறந்த பாதை எப்போதும் நேர்வான் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். காற்று வீசும் திசையைப் பார்த்துத்தான் ஓடுபாதையின் எந்த முனையில் இருந்து கிளம்புவது, எந்த முனையில் இறங்குவது என்று முடிவாகும். அதற்காக ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டியிருக்கும்.

சரி, பயண நேரம் எவ்வளவு?

டிக்கெட்டில் பெரும்பாலும் 4 மணி 10 நிமிடத்தில் இருந்து 4 மணி 30 நிமிடம் வரை இருக்கும். இது விமானம் தன் நிறுத்தத்தில் இருந்து நகர ஆரம்பிக்கும் நொடி முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தத்துக்கு வந்து நிற்கும் நொடி வரையிலான நேரம். சக்கரம் தரையை விட்டு எழும்பி மறுபடி தரையைத் தொடும் வரை பார்த்தால் பல நாட்களில் 3 மணி 40 நிமிடத்தில் இருந்து 4 மணிக்குள் முடிந்துவிடும்.

மிச்ச நேரம் எங்கே போகிறது? மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை காத்திருப்பது, சாங்கியில் இறங்கிய பிறகு நீண்ட தூரம் ஓடித் தன் வாயிலுக்கு வருவது. சாங்கி மிகப் பரந்த நிலையம். தொலைவில் உள்ள ஓடுபாதையில் இறங்கினால் வாயிலுக்கு வரவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகலாம். போதாததற்கு விமான நிறுவனங்கள் தாமதத்துக்கு இடம்விட்டுச் சில நிமிடங்களைச் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று விமானி அறிவிப்பது இதனால்தான்.

திட்டமிடும்போது டிக்கெட் நேரத்தையே நம்புங்கள். வானில் இருக்கும் நேரம் தெரிந்துகொள்ள நன்றாக இருக்கும், அதை வைத்துக் கார் சொல்லக் கூடாது.

டிக்கெட்டில் இரவு 11.15-க்குப் புறப்பாடு, காலை 6.05-க்கு வருகை என்று இருக்கிறது. அப்படியானால் கிட்டத்தட்ட ஏழு மணி நேரப் பயணமா?

இல்லை. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி இருக்கும், வந்துசேரும் நேரம் வந்துசேரும் ஊர்க் கடிகாரப்படி இருக்கும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு 11.15-க்குக் கிளம்பி 4 மணி 20 நிமிடம் பறந்தால் நம் கடிகாரப்படி அதிகாலை 3.35. அத்துடன் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் 6.05.

திரும்பி வரும்போது இது தலைகீழாகும். சாங்கியில் இரவு 8 மணிக்குக் கிளம்பும் விமானம் சென்னைக்கு இரவு 9.45-க்கு வருவதாக டிக்கெட்டில் இருக்கும். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். 4 மணி 15 நிமிடம் பறந்துதான் வருகிறது, கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்பிக்கொள்கிறோம். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இந்த இரண்டரை மணி நேரத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்று பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏன் இரண்டரை மணி நேரம்? சூரியனைப் பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் இருக்காதே?

சரியான கேள்வி. பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம் ஆகிறது. சென்னைக்கும் சாங்கிக்கும் இடையே 23.82 டிகிரி. பெருக்கிப் பாருங்கள், சூரியக் கணக்கில் வித்தியாசம் 95 நிமிடம்தான். கடிகாரத்திலோ 150 நிமிடம். மிச்சம் 55 நிமிடம் அரசாங்கங்களின் முடிவால் வந்தது.

சென்னைக்கு ஒரு காலத்தில் தனி நேரமே இருந்தது. நுங்கம்பாக்கத்தில் இருந்த வான் ஆய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் நிறுவிய மெட்ராஸ் நேரத்தை இந்திய ரயில்வே பல ஆண்டுகள் பயன்படுத்தியது. 1906-ல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வந்தபோது நம் கடிகாரம் சுமார் 9 நிமிடம் முன்னால் தள்ளப்பட்டது. சிங்கப்பூரின் கதை இன்னும் நீளம். அங்கே நேரத்தைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். ஜப்பானியர் பிடியில் இருந்த ஆண்டுகளில் டோக்கியோ நேரத்தையே கடைப்பிடிக்க வேண்டியிருந்தது. போர் முடிந்த பிறகு கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னால் என்று நிலைத்தது. இந்தியாவோடு வித்தியாசம் சரியாக இரண்டு மணி நேரம். மலேசியா தன் தீபகற்பப் பகுதியையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்தின் கீழ் கொண்டுவர முடிவு செய்தபோது சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டது. 1982 ஜனவரி 1 பிறந்தபோது இரண்டு நாடுகளும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளின. இரண்டு மணி நேரம் இரண்டரை ஆனது அன்றுதான்.

அதனால் எழுபதுகளில் அங்கே வேலை பார்த்த பெரியவர் யாராவது "ரெண்டு மணி நேரம்தானே வித்தியாசம்" என்று சொன்னால் அவர் தவறாகச் சொல்லவில்லை. அவர் காலத்துக் கணக்கு அது. இப்போது சிங்கப்பூரில் சூரியன் ஏறத்தாழ காலை 7 மணிக்கு உதித்து மாலை 7 மணிக்கு மறைகிறது. முதல்முறை போகிறவர்கள் காலை ஆறரைக்கு வெளியே இருட்டாக இருப்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். காரணம் அந்த 55 நிமிடம்தான்.

போகும்போது நேரம் அதிகமா, வரும்போது அதிகமா?

இது பருவத்தைப் பொறுத்தது. ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா பக்கம் பறக்கிறவர்களுக்கு மேற்கில் இருந்து கிழக்கே வீசும் வலுவான மேல்காற்றுதான் பழக்கம். கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே போனால் தாமதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் வழித்தடம் அந்தக் காற்றோட்டத்துக்குத் தெற்கே இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே நடப்பது நேர் எதிர். தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, அதற்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கில் இருந்து மேற்கு நோக்கி ஒரு பெருங்காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு மேல்காற்றோட்டம் என்கிறார்கள். 1950-களில் இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். இதன் மையம் தென்னிந்தியாவுக்கு மேலே அமைகிறது. முழு வேகம் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். ஆனாலும் 11, 12 கிலோமீட்டரில் பறக்கும் விமானங்களுக்கும் அதன் தள்ளல் உண்டு. எனவே ஜூலை, ஆகஸ்ட்டில் சிங்கப்பூரில் இருந்து சென்னைக்கு வரும்போது காற்று முதுகில் தள்ளும், போகும்போது முகத்தில் அறையும். மற்ற மாதங்களில் பெரிய வித்தியாசம் தெரியாது.

பெரிய விமானத்தில் போனால் சீக்கிரம் போய்விடலாமா?

கொஞ்சம். இந்த வழியில் இண்டிகோ போன்ற நிறுவனங்கள் ஓட்டும் ஏர்பஸ் ஏ320, ஏ321 வகை சிறிய விமானங்கள் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயன்படுத்தும் ஏ350, போயிங் 787 போன்ற பெரியவை 900 கிலோமீட்டரைத் தொடும். 2,920 கிலோமீட்டருக்கு இதனால் கிடைக்கும் லாபம் கால் மணி நேரம்தான். கால் நீட்ட இடம், சாப்பாடு, பெட்டி எடை, விலை இவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

விமானம் எந்த வழியாகப் போகிறது? கீழே என்ன தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

மீனம்பாக்கத்தில் கிளம்பிய சில நிமிடங்களில் கடற்கரையைக் கடந்துவிடும். அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வங்காள விரிகுடா மட்டும்தான். நேர்வான் கோட்டை வரைந்து பார்த்தால் அது நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்ராவின் வட முனைக்கும் இடையே உள்ள கடற்கால்வாயின் மேல் போகிறது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை ஒரு பக்கம், இந்தோனேசியாவின் ஆச்சே மறுபக்கம். அதன்பின் மலாக்கா நீரிணை. இடது பக்கம் மலேசியத் தீபகற்பம், வலது பக்கம் சுமத்ரா, நடுவே வரிசையாகக் கப்பல்கள். உலகிலேயே கப்பல் போக்குவரத்து மிக நெருக்கமான நீர்வழிகளில் இது ஒன்று. வானிலையையும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டையும் பொறுத்து அன்றன்றைய பாதை வடக்கிலோ தெற்கிலோ சற்று நகரலாம்.

இந்த வழி நமக்குப் புதிதில்லை. முதலாம் ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-ஐ ஒட்டிப் போனது இந்தக் கடலைத் தாண்டித்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவனுடைய கல்வெட்டு, வென்ற ஊர்களைப் பட்டியலிடும்போது மாநக்கவாரம், இலாமுரி தேசம், கடாரம் என்று சொல்கிறது. மாநக்கவாரம் நிக்கோபார். இலாமுரி சுமத்ராவின் வட முனை. கடாரம் மலேசியாவின் கெடா. அந்தப் படை வாரக்கணக்கில் கடந்த இடங்களை நாம் ஒரு சாப்பாட்டுத் தட்டு வந்து போகும் நேரத்தில் கடக்கிறோம். பகல் விமானம் கிடைத்தால் ஜன்னல் இருக்கை கேட்டு வாங்குங்கள். நிக்கோபாரைப் பார்க்க வேண்டும் என்றால் போகும்போது இடது பக்கம். மேகம் இல்லாத நாளாக இருக்க வேண்டும், அது நம் கையில் இல்லை.

கோலாலம்பூர் வழியாகவோ கொழும்பு வழியாகவோ போனால் தூரம் எவ்வளவு கூடும்?

சென்னை – கோலாலம்பூர் சுமார் 2,630 கிலோமீட்டர், அங்கிருந்து சாங்கி சுமார் 300. கூட்டினால் ஏறத்தாழ அதே 2,930. அதாவது கோலாலம்பூர் கிட்டத்தட்ட நேர்கோட்டின் மேலேயே இருக்கிறது. தூரம் கூடாவிட்டாலும் நேரம் கூடும். இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏற வேண்டும். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது கைவிட்டுப் போகும் ஆபத்தும் உண்டு.

கொழும்பு வழி சுற்றுதான். சென்னையில் இருந்து தெற்கே 650 கிலோமீட்டர், அங்கிருந்து சிங்கப்பூருக்கு 2,750. மொத்தம் 3,400. டிக்கெட் விலை நன்றாகக் குறைந்தால் மட்டும் யோசிக்கலாம். வயதானவர்களுக்கு இரண்டுமே வேண்டாம், நேரடி விமானமே எடுத்துக் கொடுங்கள்.

நான் தஞ்சாவூர்க்காரன். சென்னைக்கு வந்துதான் போக வேண்டுமா?

வேண்டாம். திருச்சியில் இருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு. தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து மக்கள் சிங்கப்பூர் போய்வர நம்பியிருப்பது திருச்சியைத்தான். 2024-ல் அங்கே புதிய முனையமும் செயல்பாட்டுக்கு வந்துவிட்டது.

ஒரு சின்ன வியப்பு: வரைபடத்தில் திருச்சி சென்னைக்குத் தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்கு இன்னும் பக்கம் என்று தோன்றும். உண்மையில் சென்னையைவிடச் சுமார் 60 கிலோமீட்டர் அதிகம், ஏறத்தாழ 2,980. திருச்சி மேற்கே தள்ளி இருப்பதே காரணம். இதே காரணத்தால் மதுரையில் இருந்து சுமார் 3,010, கோவையில் இருந்து சுமார் 3,160. வானத்தில் இந்த வித்தியாசங்களுக்கு நான்கைந்து நிமிடத்தில் இருந்து இருபது நிமிடம் வரைதான் விலை. தரையில் தஞ்சையில் இருந்து சென்னைக்கு ஓர் இரவு ரயில் பயணம், திருச்சி விமான நிலையத்துக்கோ ஒரு மணி நேரச் சொச்சம். டிக்கெட் சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் திருச்சியே லாபம். ரயில் செலவு, தங்கும் செலவு, பெட்டிகளோடு படும் அலைச்சல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பி அங்கே வீடு போய்ச் சேர மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஒன்பது, பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் வீடு என்றால் மீனம்பாக்கம் போக அரை மணி நேரம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். செக்-இன் கவுன்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். இமிகிரேஷன் வரிசை இரவில் நீளும், ஏனென்றால் கீழை நாடுகளுக்கும் வளைகுடாவுக்கும் பல விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் நேரம் அது. பிறகு பயணம் 4 மணி 20 நிமிடம். சாங்கியில் இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிய முக்கால் மணி நேரத்தில் இருந்து ஒரு மணி நேரம். அங்கிருந்து ஜூரோங் மேற்கு போகிறவர் தீவின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் போகிறார் என்பதால் எம்ஆர்டி ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேக்கா பக்கம் என்றால் அதைவிடக் குறைவு.

எம்ஆர்டி இரவு முழுவதும் ஓடாது. காலை ஐந்தரை வாக்கில் தொடங்கி நள்ளிரவுக்குள் நின்றுவிடும். சென்னை மெட்ரோவும் அப்படித்தான். இரவு பத்தரைக்குச் சென்னையில் இறங்கினால் கடைசி மெட்ரோவை நம்பாதீர்கள், வெளியே வருவதற்குள் போய்விடும்.

டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.30 என்று இருக்கிறது. எந்த நாள் கிளம்ப வேண்டும்?

14-ஆம் தேதி இரவு. இந்த வரியைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். 00.30 என்றால் 14-ஆம் தேதி முடிந்து அரை மணி நேரம் கழித்து. 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தைய இரவே போயிருக்கும், பணமும் பெரும்பாலும் திரும்ப வராது. சென்னையில் இருந்து கிழக்கே போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியே கிளம்புகின்றன. அதனால் இந்தத் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். பெற்றோருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் "14-ஆம் தேதி, இன்ன கிழமை, இரவுச் சாப்பாடு முடிந்ததும் கிளம்ப வேண்டும்" என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த மாதங்களில் தாமதம் அதிகம்?

வடகிழக்குப் பருவமழைக் காலம். நவம்பர், டிசம்பரில் வங்கக்கடலில் புயல் உருவானால் சென்னை விமான நிலையம் மூடப்படலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாள் மூடியே கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போதும் மணிக்கணக்கில் மூடினார்கள். விமான நிலையத்தை ஒட்டி அடையாறு ஓடுகிறது, இரண்டாவது ஓடுபாதை ஆற்றின் மேல் கட்டிய பாலத்தின் வழியாகவே போகிறது. ஆறு நிரம்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு நாளையும் குறித்து வையுங்கள்: போகி. பழையதைக் கொளுத்தும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து விடியற்காலையில் ஓடுபாதையே தெரியாமல் போன ஆண்டுகள் உண்டு. பெங்களூருக்கும் வேறு ஊர்களுக்கும் விமானங்களைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பொங்கலுக்குச் சிங்கப்பூரில் இருந்து ஊர் வருகிறவர்கள் போகி அன்று அதிகாலையில் இறங்கும் விமானத்தைத் தவிர்க்கலாம். டயர் எரிப்பதை நாமும் தவிர்க்கலாம்.

கப்பலிலோ சாலை வழியாகவோ போக முடியுமா?

இப்போது முடியாது. முன்பு கப்பல்தான் வழி. 1926 முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை ரஜூலா என்ற கப்பல் ஓடியது, அப்புறம் சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று நின்று நின்று சிங்கப்பூர் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், அத்தோடு அந்தப் போக்குவரத்து முடிந்துபோனது. சாலை என்றால் மணிப்பூர் போய் மியான்மர், தாய்லாந்து, மலேசியா தாண்ட வேண்டும். மியான்மரில் நடக்கும் சண்டையால் இப்போதைக்கு அது பேச்சளவில்தான்.

அப்பா, அம்மா முதல்முறையாகத் தனியாகப் போகிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

முதலில் சக்கர நாற்காலி உதவி. நடக்க முடிகிறவர்களாக இருந்தாலும் நீண்ட தூரம் நடக்கவோ வரிசையில் நிற்கவோ சிரமப்படுவார்கள் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள். இமிகிரேஷன் வரை, பெட்டி எடுக்கும் இடம் வரை ஊழியர் கூடவே வருவார். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். அதோடு சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்கள் புகையிலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை உண்டு. மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், மருத்துவர் சீட்டோடு. மகன் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதிக் கொடுங்கள். போனில் இருக்கிறது என்று விட்டுவிட்டால், சார்ஜ் தீரும்போது அவர்கள் தனியாக நிற்பார்கள்.

திரும்பி வரும்போது ஒரு விஷயம். சாங்கியில் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலிலேயே நடக்கும். கடைகளைப் பார்த்துக்கொண்டே கடைசி நிமிடத்தில் வாயிலுக்குப் போனால் அங்கே இன்னொரு வரிசை காத்திருக்கும். போர்டிங் பாஸில் உள்ள நேரத்துக்கே அங்கே போய் உட்காரச் சொல்லுங்கள்.

ஊரில் இருந்து வருகிறவர்களை அழைக்க எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்?

சாங்கியில் என்றால் விமானம் தரை தொட்ட நேரத்தோடு 45 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த முனையம் என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை ஒன்றோடொன்று இணைந்தவை, நான்காவது தனியாக இருக்கிறது, அதற்குப் பேருந்தில்தான் போக வேண்டும்.

சென்னையில் என்றால் ஒரு மணி நேரம், நள்ளிரவில் பல விமானங்கள் ஒன்றாக இறங்கினால் ஒன்றரை மணி நேரம்கூட. வெளிநாட்டு விமானங்கள் 2023-ல் திறந்த புதிய முனையத்துக்கே வருகின்றன. விமானம் எங்கே வருகிறது என்று நேரலையில் காட்டும் செயலிகள் இருக்கின்றன, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிக்கோபாரை அப்போதுதான் தாண்டுகிறது என்றால் இன்னும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம்.